கல்வராயன் மலைக்கு ஒரு போர்வை

கள்ளக்குறிச்சியில் எங்கள் இல்லத்து மொட்டைமாடியில் நின்று மேற்கே நோக்கினால், வான விளிம்பில் நீலக்கோடு வரைந்தாற்போல் கல்வராயன் மலை தெரியும். மழை பெய்து ஓய்ந்த காலையில் அது கைக்கெட்டும் தொலைவில் வந்து நிற்பதுபோல் தோன்றும். பங்குனி வெயிலில் புகையாய் மங்கிவிடும். நாற்பது ஆண்டுகளாக நாங்கள் நாளும் காணும் மலை அது. பலமுறை ஏறி இறங்கியும் இருக்கிறோம். ஆயினும் கடந்த மார்கழித் திங்களில், ஒரு பழஞ்சேலைப் போர்வையை மடியில் வைத்துக்கொண்டு, நோயில் நலிந்து தேறிய என் துணைவியாருடன் பேருந்தில் சென்ற பயணத்தைப் பற்றியே இங்கு எழுத விழைகிறேன். முதுமையும் நோயும் எட்டிப் பாராத இல்லம் எது? ஆதலின் எங்கள் சிறு அனுபவம் வாசக அன்பர்களில் சிலருக்கேனும் பயன்படக்கூடும்.

மலையும் ஊரும்

கல்வராயன் கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. சவ்வாது மலை, சேர்வராயன் மலை, பச்சை மலை ஆகியவை இதன் உடன்பிறப்புகள். வடபகுதியைச் சின்னக் கல்வராயன் என்றும், தென்பகுதியைப் பெரிய கல்வராயன் என்றும் வழங்குவர். முன்னது ஏறத்தாழ 2,700 அடி உயரமும், பின்னது ஏறத்தாழ 4,000 அடி உயரமும் உடையன. கோமுகியாறும் மணிமுத்தாறும் இம்மலையில் பிறந்து சமவெளிக்கு இறங்கி வருகின்றன. எங்கள் வயல்களில் நெல்லும் கரும்பும் விளைவது அந்நீரின் கருணையால்தான்.

கள்ளக்குறிச்சி நெடுங்காலம் ஒரு வட்டத் தலைநகராகவே இருந்தது. 2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமாயிற்று. கைத்தொழிலை மதிக்கும் ஊர் இது. இங்குள்ள மரச்சிற்பத்திற்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. உளியைப் பிடிக்கும் கைகள் நிறைந்த ஊரில், ஊசியைப் பிடிக்கும் கை ஒன்று எங்கள் வீட்டில் இருந்தது.

பழஞ்சேலைப் போர்வை

என் துணைவியார் திருமணமாகி வந்தபோது கொண்டுவந்த பொருள்களில் அவருடைய தாயார் தைத்த போர்வை ஒன்றும் இருந்தது. உடுத்து உடுத்து மெத்தென்றாகிவிட்ட நூற்சேலைகளை மூன்று நான்கு அடுக்காக விரித்து, மேலே வண்ண வண்ணத் துண்டுகளை இணைத்து, நெருக்கமாக ஓட்டுத்தையல் போட்ட போர்வை. அதைப் பார்த்துப் பார்த்தே இவரும் தைக்கத் தொடங்கினார். கஞ்சி போகச் சேலையை அலசி, வெயிலில் உலர்த்தி, கூடத்துத் தரையில் சுருக்கமின்றி விரிப்பார். நான்கு மூலைகளிலும் அம்மிக் குழவியோ அரிசிப் படியோ பாரமாக அமரும். முதலில் அகலமான தற்காலிகத் தையல். பிறகு நடுவிலிருந்து ஓரம் நோக்கி வரிவரியாக நுண்ணிய தையல். ஒரு போர்வை முடிய மூன்று மாதமாகும். எங்கள் மூன்று பிள்ளைகளும் ஐந்து பேரப்பிள்ளைகளும் அவர் தைத்த போர்வைக்குள்தான் முதல் உறக்கம் கொண்டார்கள்.

இக்கலை நமக்கு மட்டும் உரியதன்று. வங்கத்தில் இதனைக் ‘காந்தா’ என்பர். நாம் ‘கந்தை’ என்று வழங்கும் சொல்லும் அதுவும் ஒரே சொற்குடும்பத்தைச் சேர்ந்தவை. அங்குள்ள பெண்கள் முற்காலத்தில் தையலுக்கு நூல்கூட வாங்கியதில்லை. பழஞ்சேலையின் கரையிலிருந்தே வண்ண இழைகளை உருவி எடுத்துத் தைத்தனர். கருநாடகத்தின் வடகன்னட மாவட்டத்தில், ஆப்பிரிக்காவிலிருந்து பல நூற்றாண்டுகளுக்கு முன் கொண்டுவரப்பட்டோரின் வழியினரான சித்தி மக்கள் வாழ்கின்றனர். அவர்களில் இந்துக்களும் இசுலாமியரும் உண்டு. நம் கத்தோலிக்க மறையினரும் உண்டு. பழந்துணிகளை ஒட்டித் தைத்து அவர்கள் செய்யும் போர்வையின் நான்கு மூலைகளிலும் மடித்த துணியால் ‘பூ’ வைப்பார்கள். பூ வைக்காத போர்வை ஆடையின்றி நிற்பதற்கு ஒப்பாம். கத்தோலிக்கப் பெண்கள் சிலர் நடுவே சிலுவையையும் தைப்பதுண்டு. எங்கும் செய்தி ஒன்றே: கிழிந்ததை எறியாதே, சேர்த்துத் தை.

எங்கள் தெருவுக்குக் கல்வராயன் மலையிலிருந்து ஓர் அம்மையார் ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக வந்துகொண்டிருந்தார். கடுக்காய், புளி, தேன், சாமை அரிசி ஆகியவற்றைக் கூடையில் சுமந்து வருவார். எங்கள் திண்ணையில் அமர்ந்து ஒரு குவளை மோர் அருந்திவிட்டே அடுத்த வீட்டுக்குச் செல்வார். மார்கழியில் மலைக்குளிர் எலும்பைத் துளைக்கிறது என்று ஒருமுறை அவர் கூற, “உங்களுக்கு ஒரு போர்வை தைத்துத் தருகிறேன்” என்று என் துணைவியார் வாக்களித்தார். அந்தப் போர்வையின் கால்பகுதிதான் முடிந்திருந்தது. அதற்குள் எங்கள் வீட்டில் நோய் நுழைந்தது.

ஊசி நழுவிய காலை

2022ஆம் ஆண்டு பங்குனியில் ஒரு காலை. தைத்துக்கொண்டிருந்தவரின் கையிலிருந்து ஊசி நழுவியது. எடுத்தார்; மீண்டும் நழுவியது. மூன்றாம் முறை அவரால் எடுக்கவே இயலவில்லை. “களைப்பாக இருக்கும், சற்றுப் படுத்துக்கொள்” என்று கூறிக் காப்பி கலந்து கொடுத்தேன். காப்பி வாயோரத்தில் வழிந்தது. அப்போதும் எனக்குப் புரியவில்லை. செவிலியர் படிப்புப் படிக்கும் அடுத்த வீட்டுப் பெண் தற்செயலாக வந்து, அவர் முகத்தைப் பார்த்ததும் பதறிப்போய், “தாத்தா, இது பக்கவாதம். உடனே 108ஐக் கூப்பிடுங்கள்” என்றாள். அதற்குள் இரண்டு மணி நேரம் கழிந்துவிட்டது.

வாசக அன்பர்களே, என் அறியாமையை மறைக்காமல் எழுதுவதற்குக் காரணம் உண்டு. முகம் ஒருபுறம் கோணுதல், ஒரு கை தளர்ந்து விழுதல், பேச்சுக் குழறுதல் ஆகிய மூன்றில் ஒன்று திடீரெனத் தோன்றினாலும் ஒரு நொடியும் தாமதியாமல் மருத்துவமனைக்கு விரைய வேண்டும். மூளைக்குச் செல்லும் குருதிக்குழாயில் அடைத்த கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நான்கரை மணி நேரத்துக்குள் செலுத்தினால்தான் பயனுண்டு. அதுவரை உண்ணவோ பருகவோ எதுவும் கொடுத்தலாகாது. விழுங்கும் ஆற்றல் குன்றியிருக்கும்போது அது மூச்சுக்குழலுக்குள் சென்றுவிடும். எழுபது வயதைக் கடந்த ஓய்வுபெற்ற ஆசிரியனான எனக்கு இவற்றில் ஒன்றும் தெரிந்திருக்கவில்லை.

இறைவன் அருளால் உயிர் பிழைத்தார். பத்து நாளில் பேச்சுத் தெளிந்தது. மூன்று மாதத்தில் கோலூன்றி நடந்தார். வலக்கை மட்டும் திரும்பவில்லை. விரல்கள் அசையும், ஆனால் தடித்த உறை மாட்டியதுபோல் அவற்றுக்கு ஊசியும் தெரியாது, நூலும் தெரியாது.

அவ்வாண்டு ஐப்பசியில் என் முறை வந்தது. நெஞ்சில் பாரம்; சோதித்ததில் இதயக் குருதிக்குழாய் ஒன்றில் அடைப்பு. ‘ஸ்டென்ட்’ எனும் சிறு வலைக்குழாயை உள்ளே பொருத்தினார்கள். பாரம் தூக்காதே, விரைந்து நடக்காதே, உணர்ச்சிவசப்படாதே என்று அறிவுரைகள். ஒருவரையொருவர் தாங்க வேண்டிய இருவரும் ஒருசேரத் தளர்ந்தோம்.

பிள்ளைகள் ஓடோடி வந்தார்கள். அன்பில் குறையொன்றுமில்லை. “அம்மா, இனி நீங்கள் ஊசியைத் தொடக்கூடாது. நல்ல கம்பளியாக வாங்கி அனுப்புகிறோம்” என்றான் மூத்தவன். பழஞ்சேலைப் பெட்டியைப் பரண்மேல் ஏற்றிவிட்டார்கள். கீழே உட்கார்ந்து அதனைப் பார்த்துக்கொண்டிருந்த என் துணைவியார் ஒரு சொல்லும் கூறவில்லை. அதன்பின் பல நாட்கள் அவர் அதிகம் பேசவேயில்லை.

பரணிலிருந்து இறங்கிய பெட்டி

2021 ஆகஸ்டு 5ஆம் நாள் தமிழ்நாட்டில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்னும் திட்டம் தொடங்கப்பட்டது. குருதி அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் உரிய மாத்திரைகளை வீடு தேடிவந்து கொடுப்பதும், நடக்க இயலாதோருக்கு இயன்முறைப் பயிற்சி அளிப்பதும் அதன் பணிகள். அத்திட்டத்தின் வழி எங்கள் இல்லத்துக்கு ஓர் இளைஞர் வந்தார். பந்தை அமுக்குதல், விரலை மடக்குதல் ஆகிய பயிற்சிகளைக் கற்றுக்கொடுத்தார். என் துணைவியாருக்கு அவற்றில் நாட்டமில்லை. ஒரு நாள் அவ்விளைஞர், “பாட்டி, இந்தக் கை முன்பு என்ன வேலை செய்துகொண்டிருந்தது?” என்று கேட்டார்.

“போர்வை தைத்துக்கொண்டிருந்தது” என்றார் இவர்.

“அப்படியானால் அதுவே உங்களுக்குப் பயிற்சி. பந்து எதற்கு?”

மூளையில் ஒரு பகுதி பழுதுற்றால், நலமாக உள்ள பகுதிகள் அதன் வேலையைச் சிறிது சிறிதாகக் கற்றுக்கொள்ளக்கூடும் என்பதையும், பொருளுள்ள வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வதே அதற்குச் சிறந்த வழி என்பதையும் அவர் எளிமையாக விளக்கினார். அன்று மாலையே அடுத்த வீட்டுப் பெண்ணின் உதவியால் பெட்டி பரணிலிருந்து இறங்கிற்று.

வேலையை உடம்புக்கேற்ப மாற்றிக்கொண்டோம். தரையில் அமர இயலாது. ஆகவே சாப்பாட்டு மேசை தையல் மேசையாயிற்று. முழுப் போர்வையின் கனத்தைத் தாங்க இயலாது; ஆகவே மடித்து வைத்து ஒரு முழ அகலத்தை மட்டும் வெளியே விட்டோம். சிறு ஊசிக்குப் பதிலாகப் பெரிய கண்ணுள்ள சாக்கு ஊசி. அதன் தண்டில் பிடி வழுக்காதிருக்கத் துணி நாடாச் சுற்று. உணர்ச்சி குன்றிய விரலில் ஊசி குத்தினாலும் தெரியாது, புண்ணாகிவிடும், ஆகவே விரல்நுனியில் உலோகக் கூடு. ஒருமுறைக்குக் கால்மணி நேரமே. அதற்குமேல் கை நடுங்கும். என் பங்கு என்னவெனில், காலையில் பத்து ஊசிகளில் நூல் கோத்து ஒரு பஞ்சுத் திண்டில் வரிசையாகக் குத்தி வைப்பது. பத்தும் தீர்ந்தால் அன்றைய வேலை முடிந்தது.

பிரித்த தையல்

இந்த இடத்தில்தான் நான் ஒரு பிழை செய்தேன்.

முதல் வாரம் அவர் போட்ட தையல்கள் கோணல்மாணலாக இருந்தன. ஒன்று நெல்லளவு, அடுத்தது விரலளவு. வரி நேராகத் தொடங்கி, நடுவில் வளைந்து, அடுத்த வரியின்மேல் ஏறிக்கொள்ளும். ஒரு காலத்தில் அளவுகோல் வைத்தாற்போல் தைத்தவர். காலையில் அவர் இதனைப் பார்த்தால் மனம் உடைந்துபோவாரே என்று எண்ணினேன். இரவில் அவர் உறங்கிய பிறகு, விளக்கருகே அமர்ந்து, கோணல் வரிகளை மெல்லப் பிரித்து, எனக்குத் தெரிந்த அளவில் நேராகத் தைத்து வைத்தேன். நான்கு இரவுகள் இவ்வாறு செய்தேன். அதனை அன்பு என்றே நம்பினேன்.

ஐந்தாம் நாள் காலை அவர் துணியைக் கையிலெடுத்து நெடுநேரம் பார்த்தார். பிறகு என்னை அழைத்தார்.

“என்னங்க, இது என் தையல் இல்லை.”

நான் பேசாதிருந்தேன்.

“கோணலாக இருந்தாலும் அது என் கை போட்டது. நேற்றைக்கு இன்று ஒரு நூலளவாவது சீராகியிருக்கிறதா என்று பார்க்கத்தான் காலையில் எடுக்கிறேன். நீங்கள் பிரித்துவிட்டால் எனக்கு எப்படித் தெரியும்? பிள்ளைகள் பெட்டியைத்தான் பரணில் வைத்தார்கள். நீங்கள் என் கையையே பரணில் வைத்துவிட்டீர்களே.”

நாற்பத்தாறு ஆண்டு இல்லறத்தில் அவர் என்னிடம் இவ்வளவு கடுமையாகப் பேசியதில்லை. நான் தைத்த நான்கு வரிகளையும் அன்றே என் கையால் பிரித்தேன். அவர் மீண்டும் தைத்தார். ஊசியில் நூல் கோத்துக் கொடுப்பது உதவி. மற்றவர் போட்ட தையலைப் பிரித்துத் தைப்பது உதவியன்று. இந்த வேறுபாட்டை எனக்குக் கற்பிக்க என் துணைவியாரின் நோய் தேவைப்பட்டது.

இதனைப் பின்னர் எண்ணிப் பார்த்தபோது மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையை நிறுவிய மருத்துவர் கோ. வெங்கடசாமி நினைவுக்கு வந்தார். 1918இல் பிறந்த அவர் இராணுவ மருத்துவப் பணியில் இருந்தபோது, முப்பதை ஒட்டிய வயதில், கொடிய முடக்குவாதத்துக்கு ஆளானார். கைவிரல்கள் நிலையாகக் கோணிவிட்டன. பிறகு கண் மருத்துவம் பயின்று, தம் கோணல் விரல்களுக்கேற்ற கருவிகளை அமைத்துக்கொண்டு, தம் வாழ்நாளில் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவைகளைச் செய்தார். அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்றபின் 1976இல் 11 படுக்கைகளுடன் அவர் தொடங்கிய மருத்துவமனை இன்று உலகறிந்த நிறுவனம். 2006இல் அவர் மறைந்தார். எவரும் அவருக்காகக் கத்தியைப் பிடிக்கவில்லை. கத்தியின் பிடி அவர் கைக்கேற்ப மாறியது. எங்கள் மேசைமேல் கிடந்த நாடா சுற்றிய சாக்கு ஊசியும் அதே பாடத்தைத்தான் சொல்கிறது.

மலைப்பாதையில்

போர்வை முடிய மூன்று மாதத்துக்குப் பதில் இரண்டு ஆண்டுகளுக்கு மேலாயிற்று. இடையில் மலை அம்மையார் எங்கள் தெருவுக்கு வருவது நின்றுவிட்டது. உயிரோடு இருக்கிறாரோ இல்லையோ என்ற ஐயம் எங்கள் இருவருக்கும் இருந்தது. ஆனால் ஒருவரிடம் ஒருவர் கூறிக்கொள்ளவில்லை. மருத்துவரிடம் இசைவு பெற்று, மாத்திரைகளை எடுத்துக்கொண்டு, மார்கழி மாதத்தில் ஒரு காலை புறப்பட்டோம். வண்டி அமர்த்தித் தருவதாக மகன் கூறினான். “பேருந்திலேயே போவோம், சன்னலோரம் உட்கார்ந்தால் போதும்” என்றார் என் துணைவியார். இம்முறை நான் குறுக்கிடவில்லை.

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வரை சாலையின் இருமருங்கும் கரும்பும் மரவள்ளியும் மக்காச்சோளமும் பசுமையாய் நின்றன. அதனை அடுத்து மலையடிவாரத்தில் கோமுகி அணை. 46 அடி உயரத்துக்கு நீரைத் தேக்கும் இந்த அணை 1960களில் கட்டப்பட்டது. முன்பனியில் அணையின் நீர்ப்பரப்பு வெண்கலத் தட்டுப்போல் அசையாமல் கிடந்தது. அங்கிருந்து மலைப்பாதை தொடங்குகிறது. ஒவ்வொரு வளைவிலும் என் துணைவியார் இடக்கையால் முன்னிருக்கைக் கம்பியைப் பற்றிக்கொள்வார். வலக்கை போர்வையின்மேல் இருக்கும். மூங்கிலும் புளியும் கடுக்காயும் மாறி மாறி வந்தன. மேலே ஏற ஏறக் காற்றின் மணமே வேறாயிற்று. மழைக்காலத்தில் இப்பக்கம் வந்தால் பெரியார் அருவி, மேகம் அருவி ஆகியவற்றைக் காணலாம். படகுத்துறை உள்ள கரியாலூரைக் கடந்து வெள்ளிமலையை அடைந்தோம். மலைவாழ் மக்களின் சந்தையும் பள்ளியும் அலுவலகங்களும் அமைந்த ஊர் அது.

இம்மலையின் பழங்குடி மக்களை ‘மலையாளி’ என்று அழைப்பர். கேரளத்தாரோடு இவர்களுக்குத் தொடர்பில்லை. இவர்கள் தாய்மொழி தமிழ்தான். தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்து மலையேறியவர்கள் என்பது இவர்கள் வழிவழியாகக் கூறும் செய்தி. சாமை, தினை, வரகு ஆகியவை இவர்களுடைய பழம்பெரும் பயிர்கள்.

மலையின் மறுபுறம்

வெள்ளிமலைத் தேநீர்க் கடையில் அமர்ந்து மேற்கே நோக்கியபோது, அடுக்கடுக்கான முகடுகளுக்கு அப்பால் சித்தேரி மலைக்கும் கல்வராயனுக்கும் நடுவே அமைந்த சிட்டிலிங்கிப் பள்ளத்தாக்கு என் நினைவுக்கு வந்தது. அது தருமபுரி மாவட்டத்தைச் சேர்ந்தது. முந்தைய ஆண்டு சேலம், அரூர், கோட்டப்பட்டி வழியாக உறவினர் ஒருவருடன் நாங்கள் அங்குச் சென்றிருந்தோம்.

மருத்துவ வசதி ஏதுமில்லாத அப்பள்ளத்தாக்கில் 1993இல் மருத்துவர் ரெஜியும் அவர் துணைவியார் மருத்துவர் லலிதாவும் ஒரு குடிசையில் மருத்துவப் பணியைத் தொடங்கினர். இன்று அங்கு ‘பழங்குடி நலவாழ்வு முனைவு’ என்ற பெயரில் அறுவை அரங்கோடு கூடிய மருத்துவமனை உள்ளது. அவர்கள் செய்தவற்றுள் என்னைக் கவர்ந்தது கட்டடமன்று. உள்ளூர்ப் பழங்குடிப் பெண்களையே தேர்ந்தெடுத்து, செவிலியராகவும் சிற்றூர் நலப் பணியாளராகவும் பயிற்றுவித்தார்கள். வெளியிலிருந்து வந்தவர்களே எல்லாவற்றையும் செய்துவிட்டுப் போவது எளிது. அங்குள்ளோர் கைகள் செய்யப் பழகும் வரை பொறுத்திருப்பதுதான் அரிது.

அதே பள்ளத்தாக்கில் லம்பாடி மக்களும் வாழ்கின்றனர். பல தலைமுறைகளுக்கு முன் வடக்கிலிருந்து வணிகராய் வந்து தங்கியோரின் வழியினர் இவர்கள். அவர்களுடைய பெண்களின் பூத்தையல் புகழ்பெற்றது; ஆயினும் காலப்போக்கில் அங்கு அது மறைந்துபோகும் நிலையை எய்தியது. கையில் அக்கலை எஞ்சியிருந்த மூதாட்டியர் இளைய பெண்களுக்குக் கற்பிக்க, மருத்துவர் லலிதாவின் ஊக்கத்தால் 2006இல் ‘பொர்கை’ என்னும் கைவினை அமைப்பு உருவாயிற்று. அவர்கள் மொழியில் அச்சொல்லுக்குப் ‘பெருமிதம்’ என்று பொருள். இரசாயன உரமிடாத பருத்தித் துணியில் அவர்கள் தைத்த வண்ணக்கோலங்களை என் துணைவியார் தம் வலக்கை விரலால் தடவிப் பார்த்தார். நோயுற்ற பின் அந்த விரலுக்குத் தையலின் மேடு பள்ளம் தெரிந்தது அன்றுதான் முதல்முறை என்று ஊர் திரும்பும்போது கூறினார். கோணலாய் நின்ற போர்வையை அவர் முழு மனத்துடன் மீண்டும் எடுத்தது அதற்குப் பிறகே.

புளி பிரிக்கும் கை

வெள்ளிமலையிலிருந்து சற்றுத் தொலைவில் அந்தச் சிற்றூர். விசாரித்தபோது, “இருக்காங்க, போங்க” என்று ஒரு சிறுவன் முன்னே நடந்தான். அச்சொல்லைக் கேட்டதும் என் துணைவியாரின் கோல் தரையில் அழுந்திய ஓசையில் மாறுதல் தெரிந்தது.

அம்மையார் வீட்டு வாசலில் காலை நீட்டி அமர்ந்து, புளியங்காய்களை உடைத்துக் கொட்டையும் நாரும் வேறாகப் பிரித்துக்கொண்டிருந்தார். முழங்கால் இரண்டும் வீங்கியிருந்தன. எங்களைக் கண்டதும் எழ முயன்று, இயலாமல் அமர்ந்தார்.

“வாத்தியாரம்மா! கை என்னாச்சு?” என்று முதலில் கையைத்தான் பற்றினார்.

இருவரும் தத்தம் நோயைப் பகிர்ந்துகொண்டார்கள். மூட்டுவலியால் மலையிறங்க முடியவில்லையாம். கூடை இப்போது மருமகளுடைய தலையில். “சும்மா இருக்கச் சொல்றாங்க. நின்னு செய்யற வேலை போச்சு. உக்காந்து செய்யற வேலை இருக்குதே. இந்தப் புளி நான் பிரிச்சதுதான் விக்கும்” என்றார்.

போர்வையை விரித்தோம். அவர் முகத்தருகே கொண்டுசென்று பார்த்தார். நோய்க்கு முன் தைத்த கால்பகுதியில் தையல் நேராகவும் நுண்ணியதாகவும் இருந்தது. அடுத்து வந்த வரிகள் பெரிதாய், வளைந்து, ஒன்றன்மேல் ஒன்று ஏறிச் சென்றன. இறுதிப் பகுதியில் அவை மறுபடியும் சிறுத்து ஓரளவு சீரடைந்திருந்தன. அவர் விரலை வைத்து அவ்வரிகளைத் தொடர்ந்து சென்று, “இது ரெண்டு பேரு தச்சதா, அம்மா?” என்று கேட்டார்.

என் துணைவியார் என்னை ஒருமுறை பார்த்தார்.

“இல்லை. ஒரே கைதான். நூல் கோத்தது மட்டும் இவர்” என்றார்.

அம்மையார் போர்வையைத் தம் வீங்கிய முழங்கால்களின்மேல் போட்டுக்கொண்டு, மீண்டும் புளியைப் பிரிக்கத் தொடங்கினார். பெட்டியில் வைத்துக் காக்காமல் அப்போதே அதனைப் பயன்படுத்தியது என் துணைவியாருக்குப் பேருவகை அளித்தது.

இறங்கும் வழியில்

புறப்படும்போது ஒரு துணிப்பையில் புளியும் சாமையும் நிறைத்துக் கொடுத்தார். மறுத்தால் ஏற்கமாட்டார். நானோ பாரம் தூக்கலாகாதவன். என் துணைவியாரோ ஒரு கையில் கோலூன்றியவர். சிறுவன் உதவிக்கு ஓடிவந்தான். “வேண்டாம் தம்பி” என்று கூறிவிட்டு, அவர் கோலை என்னிடம் நீட்டினார். பையின் ஒரு காதை அவர் வலக்கையிலும் மறு காதை நான் இடக்கையிலும் பற்றிக்கொண்டோம். அவருக்கு என் தோளே கோலாயிற்று. பத்தடிக்கு ஒருமுறை நின்று நின்று, ஒருவாறு பேருந்து நிற்கும் இடத்தை அடைந்தோம். அவ்வலக்கை பையை நழுவவிடவேயில்லை.

இன்று எங்கள் மேசையில் அடுத்த போர்வை விரிந்திருக்கிறது. சிறுவாங்கூரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குவதால், முன்போல் உயர் சிகிச்சைக்கு எப்போதும் முண்டியம்பாக்கத்துக்கோ புதுச்சேரிக்கோ அலைய வேண்டியதில்லை. மாத்திரைகள் குறையவில்லை, வலியும் முற்றாய் நீங்கவில்லை. இனி நோயே வராது என்று எங்களுக்கு எவரும் உறுதி கூறவும் இல்லை.

பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பெற்றோர் தளரும்போது அவர்கள் கையிலுள்ள வேலையை வாங்கிப் பரண்மேல் வைத்துவிடாதீர்கள். அமரும் இடத்தை மாற்றிக் கொடுங்கள். கருவியின் பிடியை மாற்றிக் கொடுங்கள். நேரத்தைக் குறைத்துக் கொடுங்கள். வேலையை அவர்களிடமே விட்டுவிடுங்கள். என் போன்ற கணவன்மாருக்கும் மனைவியருக்கும் கூற வேண்டியதும் இதுவே.

இதனை எழுதி முடிக்கும் இவ்வேளையில் உள்ளிருந்து குரல் வருகிறது: “என்னங்க, இன்றைக்கு ஒன்பது ஊசிதான் இருக்கிறது.” பத்தாவது ஊசியில் நூல் கோக்க எழுந்து செல்கிறேன்.